தலைக்கும் கைக்கும் வாங்கும்போது: வாசகர் கேள்வி-பதில்

போன மாதம் மிக்ஸி, மெத்தை என்று வந்த கடிதங்களுக்கு நடுவில் தென்னை ஏறும் ஒருவரின் கடிதமும் இருந்தது. அதைப் படித்த பிறகுதான், வேலையில் உடம்பைக் காக்க வாங்கும் பொருள்களைப் பற்றி எழுதுங்கள் என்று வாசகர்களைக் கேட்டேன். குமரி மாவட்டத்தில் ஆரல்வாய்மொழியிலிருந்து வள்ளவிளை வரைக்கும் கடிதங்கள் வந்திருக்கின்றன. சுருக்கித்தான் போட முடிகிறது. அந்த மனிதரின் கடிதத்திலிருந்தே தொடங்குகிறேன்.

தென்னை ஏறும் தொழிலாளி, இரணியல்: ஆன்லைனில் 3,200 ரூபாய்க்கு மரமேறும் மெஷின் வாங்கினேன். மூன்றாவது வாரம் இடது கால் பக்கத்துக் கம்பி வடம் கிளாம்பிலிருந்து உருவிவிட்டது. பத்தடி உயரம்தான், ஆனால் மணிக்கட்டு ஒடிந்து இரண்டு மாதமாக வேலை இல்லை. தொழிலுக்கு வாங்கின பொருளுக்கு நுகர்வோர் சட்டம் கிடையாது என்கிறார் விற்றவர். அப்படியா?

அப்படி இல்லை. சட்டத்தில் பாதியை மட்டும் சொல்லி உங்களை விரட்டப் பார்க்கிறார். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது சரிதான். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்துகிறவருக்கு அது பொருந்தாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. மரம் ஏறிக் கூலி வாங்கும் நீங்கள் நுகர்வோர்தான். குறையுள்ள பொருளால் உடம்பில் காயம் பட்டால் இழப்பீடு கேட்பதற்கென்று அந்தச் சட்டத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது.

மெஷினைச் சரிபண்ண வேண்டாம், திருப்பி அனுப்பவும் வேண்டாம். உருவிய கிளாம்ப் எப்படி இருக்கிறதோ அப்படியே படம் எடுத்து, சாக்கில் கட்டி வையுங்கள். அதுதான் உங்கள் சாட்சி. ஆர்டர் விவரம், பணம் கட்டிய ரசீது, ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதற்கு மசியவில்லை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அதை மட்டும் மறக்க வேண்டாம். மெஷின் விலையோடு நிறுத்திவிடாமல் மருத்துவச் செலவு, இரண்டு மாதக் கூலி, பட்ட வேதனை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

கை சரியாகி மறுபடி ஏறும்போது, மரத்தோடு பிணைக்கிற பாதுகாப்புப் பெல்ட் இல்லாத மெஷினைத் தொடாதீர்கள். தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா என்ற விபத்துக் காப்பீடு உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. அதில் சேர்ந்துவிடுங்கள்.

வெல்டிங் பட்டறை, தக்கலை: கறுப்புக் கூலிங் கிளாஸ் போட்டு வெல்டிங் வைத்தால் போதாதா?

போதாது. பட்டறையில் வழக்கமாகச் செய்யும் ஆர்க் வெல்டிங்குக்கு 10 அல்லது 11ஆம் எண் கண்ணாடி போட்ட முகக் கவசம் வேண்டும்.

சிறு கான்ட்ராக்டர், திங்கள்நகர்: ஆளுக்கு 80 ரூபாய் என்று 12 மஞ்சள் ஹெல்மெட் வாங்கினேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறது. ஆனாலும் இன்ஜினியர் வேண்டாம் என்கிறார்.

இன்ஜினியர் சொல்வதைக் கேளுங்கள். முத்திரை இருக்கிறது என்று எழுதிய நீங்கள், அதற்கு மேலே என்ன எண், கீழே என்ன எண் என்று எழுதவில்லை. பார்த்திருக்க மாட்டீர்கள். எத்தனை தடவை எழுதினாலும் யாரும் இதைப் பார்ப்பதில்லை என்பது என் தீராத மனக்குறை. அந்தப் படம் மட்டும் இருந்தால் அது வெறும் ஸ்டிக்கர், எந்த அச்சகத்திலும் அடித்துக்கொள்ளலாம். உண்மையான முத்திரையின் மேலே தர எண் இருக்கும். வேலைத்தள ஹெல்மெட்டுக்கு அது ஐ.எஸ். 2925. கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அந்த எண்ணை, முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் எந்த நிறுவனம், எந்தப் பொருளுக்கு உரிமம், இன்றைக்கும் அது செல்லுமா எல்லாம் வந்துவிடும். ஒரு நிமிட வேலை.

எனக்கு இவ்வளவு கோபம் வரக் காரணம் உண்டு. ஆறு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டில் மாடி எடுத்தபோது, வேலைக்கு வந்தவர்களுக்கு நானே நாலு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தேன். ரோட்டோரக் கடையில் வாங்கினேன். விலை மலிவு, முத்திரையும் இருந்தது, எண்ணைப் பார்க்கவில்லை. சாரத்திலிருந்து ஒரு செங்கல் விழுந்தது. முழுக் கல்கூட இல்லை, பாதிதான். ஹெல்மெட் சிரட்டை மாதிரி இரண்டாகப் பிளந்து, கையாளாக வந்த அம்மாவுக்குத் தலையில் ஏழு தையல். தலையில் ஹெல்மெட் இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் அவர் சாரத்துக்கு அடியில் போனார். அந்தத் தைரியத்தை வாங்கிக் கொடுத்தவன் நான். மிக்ஸி மோசம் என்றால் முதல் சட்னியிலேயே தெரிந்துவிடும், திருப்பிக் கொடுத்துவிடலாம். ஹெல்மெட்டும் பெல்ட்டும் மோசம் என்பது ஆள் அடிபடுகிற நேரத்தில்தான் தெரியும். அதனால்தான் கடையிலேயே நின்று எண்ணைப் பாருங்கள் என்று இத்தனை மல்லுக்கட்டுகிறேன்.

இன்னொன்றும் பாருங்கள். ஓட்டுக்கும் உள்ளே தலையில் உட்காரும் பட்டைக்கும் நடுவில் இடைவெளி இருக்க வேண்டும். விழுகிற அடி நேராக மண்டையில் இறங்காமல் தடுப்பது அதுதான். நல்ல ஹெல்மெட் போட்டவர்கள்கூட அந்த இடத்தில் பீடிக்கட்டையும் செல்போனையும் செருகி வைக்கிறார்கள், உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள். பலமாக ஒரு தடவை அடி வாங்கிய ஹெல்மெட்டை, கீறல் தெரியாவிட்டாலும், மறுபடி மாட்டக் கூடாது.

செயலியில் எண் வரவில்லை என்றால் அங்கேயே புகார் கொடுத்துவிட்டு, 12 ஹெல்மெட்டையும் கடையில் திருப்பிக் கொடுங்கள். விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது நியாயமற்ற வணிகமுறை என்று சட்டமே சொல்கிறது.

கொத்தனார், கொல்லங்கோடு: பைக் ஹெல்மெட்டையே வேலைக்கும் போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். அது ஐ.எஸ். 4151, ரோட்டுக்காகச் செய்தது. காதை மூடிவிடுவதால் மேலேயிருந்து 'மாறு, மாறு' என்று விலகச் சொல்லிக் கத்துவது கேட்காது. வேர்வை தாங்காமல் பத்து நிமிடத்தில் கழற்றியும் வைத்துவிடுவீர்கள்.

தச்சுத் தொழிலாளி, குலசேகரம்: நாலு இஞ்ச் கிரைண்டரில் மரம் அறுக்கிற பல் பிளேடு போட்டேன். இடைஞ்சலாக இருந்ததால் பிளேடை மறைக்கும் கார்டைக் கழற்றிவிட்டேன். பிளேடு சிக்கி மெஷின் துள்ளியதில் கை தப்பியது, ஆனால் மோட்டார் புகைந்துவிட்டது. வாரண்டியில் மாற்றித் தருவார்களா?

தரமாட்டார்கள், தர வேண்டியதும் இல்லை. உங்கள் முழுக் கடிதத்தில் மோட்டாருக்கு ஒரு பக்கம், கைக்கு அரை வரி. எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த மெஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் ஓடும். கார்டு இல்லாமல், பல் வைத்த பிளேடை அதில் மாட்டினால், பல் மரத்தைக் கவ்வுகிற நொடியில் மெஷின் உங்கள் பக்கம் பாயும். எந்தக் கடைக்காரர் அந்த பிளேடை விற்றாலும் வாங்காதீர்கள். மரத்துக்கு, அடித்தட்டும் கார்டும் உள்ள சர்க்குலர் சா தனியாக வாங்குங்கள்.

இரும்பு வெட்டும் வீல் வாங்குகிறவர்கள் நடுவில் உள்ள உலோக வளையத்தைப் படியுங்கள். காலாவதி மாதமும் வருடமும் அதில் அடித்திருக்கும். செய்து மூன்று வருடம் தாண்டிய வீல் வேண்டாம். ஈரம் ஏறிப் பலம் குறைந்த வீல் ஓட்டத்தில் சிதறும், நம் ஊரில் வருடத்துக்கு இரண்டு மழைக்காலம்.

முந்திரி ஆலைத் தொழிலாளி, கருங்கல் பக்கம்: அண்டி (முந்திரிக்கொட்டை) உடைக்கும்போது தோட்டு எண்ணெய் பட்டுக் கை பொள்ளுகிறது. கம்பெனி தரும் பிளாஸ்டிக் உறை கால் மணிக்கூரில் கிழிகிறது. அதற்கும் கூலியில் பிடிக்கிறார்கள். நானே வாங்கினால் எது நல்லது?

தாயே, அதை வாங்க வேண்டியது நீங்கள் இல்லை. வேலையின் ஆபத்திலிருந்து காக்கும் பொருளை முதலாளிதான் தர வேண்டும், அதற்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டக் காலத்திலிருந்தே இதுதான் நிலை. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குப் புகார் எழுதலாம். எழுதியவர் யார் என்று அதிகாரி வெளியே சொல்லக் கூடாது. தனியாக எழுதப் பயமாக இருந்தால் உடன் வேலை செய்கிறவர்களையும் சேர்த்து, சங்கம் வழியாக எழுதுங்கள். பிடித்தம் எழுதியிருக்கும் கூலிச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

கேட்க வேண்டியது நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை. சாதாரண ரப்பர் உறை எண்ணெய் பட்டால் ஊறிப் பெருத்துவிடும். துணி உறை இன்னும் மோசம், எண்ணெயைக் குடித்து மணிக்கணக்காகத் தோலோடு ஒட்ட வைக்கும். நைட்ரைலிலும் டாக்டர்கள் போடும் மெல்லிய ரகம் வேண்டாம், சற்றுக் கனமாக, விரல் மடங்குகிற அளவுக்கு இருக்கட்டும். பெரிய சைஸ் போட்டால் கொட்டை பிடிபடாது, வேகம் குறைந்து கூலியும் குறையும். அவரவர் கைக்கு ஏற்ற சைஸ் வேண்டும் என்றே கேளுங்கள்.

காற்றாலை டெக்னீசியன், ஆரல்வாய்மொழி: பாதி விலைக்கு சேஃப்டி ஷூ வாங்கினேன். பில் இல்லை. ஒரு மாதத்தில் அடிப்பாகம் தூள் தூளாக உதிர்கிறது.

இதே மாதிரி நானும் ஏமாந்திருக்கிறேன். பழைய சரக்கு விற்பனையில் இரண்டு ஜோடி வாங்கி, ஒன்றைப் பரணில் வைத்தேன். நாலு வருடம் கழித்து எடுத்தால், ஒரு நாளும் போடாத ஷூவின் அடி ரஸ்க் போல நொறுங்கியது. பாலியூரித்தேன் அடிப்பாகம் காற்றிலுள்ள ஈரத்தில் மெல்ல மெல்லச் சிதையும், போட்டாலும் போடாவிட்டாலும். அதனால் தயாரித்த மாதம், வருடம் பார்க்காமல் ஷூ வாங்கக் கூடாது. ஐ.எஸ். 15298 என்ற எண்ணையும் பாருங்கள்.

பில் வாங்காதது உங்கள் தப்பு. வரி மிச்சம் என்று கடைக்காரர் சொன்னதும் தலையாட்டியிருப்பீர்கள். கேட்டும் அவர் தரவில்லை என்றால் அது அவர் தப்பு. செல்போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவை வைத்து 1915இல் கேட்டுப் பாருங்கள்.

ரப்பர் தோட்டம், பேச்சிப்பாறை: ஷீட்டுக்குப் பால் உறைய வைக்கும் ஆசிட்டைக் கடையில் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தருகிறார்கள். கைக்கு என்ன உறை வாங்கலாம்?

முதலில் அந்தப் பாட்டிலை வீட்டிலிருந்து வெளியே எடுங்கள். ஃபார்மிக் ஆசிட் பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். விடிகாலை ரப்பர் பால் வெட்டுக்குப் போய்த் தாகத்தோடு வருகிறவருக்கும் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் தெரியாது. அப்படி விற்பவரிடம் இனி வாங்காதீர்கள். பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து, பெயரும் எச்சரிக்கையும் அச்சிட்ட கம்பெனி கேனாக வாங்கி, எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். கைக்கு முழங்கை வரை வரும் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் உறை, கண்ணுக்குப் பக்கவாட்டும் மூடும் கண்ணாடி. கலக்கும்போது தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கண்ணில் தெறித்தால் கால் மணி நேரம் விடாமல் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மரப்பட்டறை, மார்த்தாண்டம்: மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. சுவிட்சில் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழவில்லை. பரவாயில்லையா?

இல்லை. இன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றுங்கள். 30 மில்லி ஆம்பியர் என்று போட்டிருப்பதுதான் ஆளைக் காப்பாற்றும்.

மீனவரின் மனைவி, வள்ளவிளை: வீட்டுக்காரர் ஆழ்கடலுக்குப் போகிறார். லைஃப் ஜாக்கெட்டில் 50, 100, 150 என்று எண் இருக்கிறது. நன்றாக நீந்துவார், 50 போதுமா?

போதாது அம்மா. அந்த எண் ஜாக்கெட் ஆளை மிதக்க வைக்கும் விசையின் அளவு, நியூட்டன் கணக்கில். 50 என்பது கரையோரத்தில் நீந்தத் தெரிந்தவருக்கு ஒரு துணை, அவ்வளவுதான். மயங்கிவிட்டால் முகத்தைத் தண்ணீருக்கு மேலே திருப்பி வைக்காது. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயலில் சிக்கிய நம் ஊர் ஆட்களும் நீந்தத் தெரிந்தவர்கள்தான். ஆழ்கடலுக்கு 150க்குக் குறையாமல் வாங்குங்கள். விசிலும் விளக்கும், வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டையும், கால்களுக்கு நடுவே கட்டும் வாரும் இருக்க வேண்டும். அந்த வார் இல்லை என்றால் அலையில் ஜாக்கெட் தலைக்கு மேலே ஏறிவிடும். வாங்கியதும் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குள் ஒரு தடவை போட்டுத் தண்ணீரில் இறங்கி, மல்லாந்து மிதக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை உங்கள் செல்போனிலும் பதிந்து வையுங்கள்.