அயோவா சிட்டி போன்ற சிறிய பல்கலைக்கழக ஊரில் குடும்பத்தோடு வாழ்வது எப்படி இருக்கும்?

கணவருக்கு அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பணி கிடைத்திருக்கிறது, ஐந்து வயதுக் குழந்தையோடு சென்னையிலிருந்து கிளம்புகிறோம், மக்காச்சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் அந்தச் சின்ன ஊரில் பொழுது எப்படிப் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கணவரின் வேலையை ஒட்டி இங்கே வந்தவள்தான். இப்போது ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். மகள் இங்கேதான் பள்ளிக்குப் போகிறாள். தயங்காமல் வாருங்கள். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த ஊரின் நல்லவை எல்லாம் வீட்டுக்கு வெளியே, பொது இடங்களில் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குக் காசும் தேவையில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பவர்களுக்குத்தான் இது வெறிச்சோடிய ஊர்.

2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 75,000. பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் மட்டும் ஏறத்தாழ 30,000 பேர். அயோவா தனி மாநிலமாகி இரண்டே மாதத்தில், 1847 பிப்ரவரியில், இந்தப் பல்கலைக்கழகத்தை நிறுவினார்கள். அப்போது அயோவா சிட்டிதான் தலைநகரம். 1857இல் தலைநகரம் டெ மாயினுக்குப் போனதும் பழைய சட்டமன்றக் கட்டடம் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தது. பொன் வேய்ந்த அதன் கும்மட்டம் 2001இல் பழுதுபார்க்கும் வேலையின்போது தீப்பற்றி எரிந்தது. அதே உருவில் மறுபடியும் கட்டி நிறுத்திவிட்டார்கள். நம் ஊர்க் கல்லூரிகளைப் போல மதிலோ வாயிற்காவலரோ இங்கே கிடையாது. வளாகம் எங்கே முடிகிறது, கடைத்தெரு எங்கே தொடங்குகிறது என்று புதிதாக வருபவருக்குத் தெரியாது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து எந்தப் புல்வெளியிலும் நடக்கலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

கார் இல்லாமல் முதல் சில மாதங்களை ஓட்டிவிடலாம். பல்கலைக்கழகத்தின் பஸ்களை 1972 முதல் மாணவர்களே ஓட்டி வருகிறார்கள். யார் வேண்டுமானாலும் ஏறலாம், டிக்கெட் கிடையாது. நகராட்சி பஸ்களிலும் 2023 ஆகஸ்டில் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். இருபது வயதுப் பெண் ஒருத்தி அவ்வளவு பெரிய பஸ்ஸைப் பனிச்சறுக்கலில் நிதானமாகத் திருப்புவதை என் அம்மா இங்கே வந்திருந்தபோது பார்த்துவிட்டு, இறங்கும்போது அவள் தலையைத் தொட்டு ஆசீர்வதித்தார். அவளும் முகம் மலர்ந்து சிரித்தாள்.

வந்ததும் முதல் வேலையாக லின் தெருவில் இருக்கும் பொது நூலகத்தில் உறுப்பினராகுங்கள். புத்தகம் தவிர, சட்டமிட்ட ஓவியங்களைக்கூட இரவல் தருகிறார்கள். வாடகை வீட்டின் வெற்றுச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு, தவணை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று எடுத்து வரலாம். குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரம் உண்டு. மகளுக்கு ஆங்கிலம் பழகியது அங்கேதான். எனக்கு முதல் தோழிகள் கிடைத்ததும் அங்கேதான்: சூடானிலிருந்து வந்த ஒருவர், கொரியாவிலிருந்து வந்த ஒருவர். மூவருடைய பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான் அறிமுகம்.

மே முதல் அக்டோபர் வரை சனிக்கிழமை காலைகளில் நகராட்சியின் வாகன நிறுத்தக் கட்டடம் ஒன்று உழவர் சந்தையாகிவிடும். மழை பெய்தாலும் நனையாமல் வாங்கலாம். ஊரைச் சுற்றி நீங்கள் பார்க்கப்போகும் கடல் போன்ற சோள வயல்களில் விளைவது நாம் சாப்பிடுகிற சோளம் அல்ல. அது கால்நடைத் தீவனத்துக்கும் எத்தனால் ஆலைக்கும் போகிறது. சாப்பிடுகிற இனிப்புச் சோளம் ஜூலை நடுவில்தான் வரும். டஜன் கணக்கில் விற்பார்கள். தோகையை உரித்துப் பார்ப்பது விற்பவருக்குப் பிடிக்காது. நுனியில் கட்டைவிரலால் அழுத்தினால் மணி நிறைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். குஞ்சம் பழுப்பாகவும் சற்றுப் பிசுபிசுப்பாகவும் இருக்க வேண்டும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் அந்தச் சந்தையில் சோளம் விற்கும் ஒரு பெரியவர். அன்று காலை பறித்ததை அன்றே வேக வைக்க வேண்டும், மறுநாள் என்றால் வாங்காதே என்று கண்டிப்பாகச் சொல்வார். வெண்டைக்காயும் கத்தரிக்காயும் ஆகஸ்டில் கிடைக்கும்.

இலையுதிர்காலச் சனிக்கிழமைகளைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். அமெரிக்கக் கால்பந்து எனக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை. ஆனால் ஆட்ட நாளில் ஊரைப் பார்ப்பது திருவிழா பார்ப்பதுதான். பல்கலைக்கழகத்தின் கினிக் அரங்கத்தில் 69,000 பேருக்கு மேல் உட்காரலாம். கிட்டத்தட்ட ஊரின் மொத்த மக்கள்தொகை. விடியற்காலையிலேயே கறுப்பும் மஞ்சளுமாகக் கூட்டம் சேரும். மெல்ரோஸ் சாலை வீட்டுக்காரர்கள் தங்கள் புல்வெளியைக் கார் நிறுத்த வாடகைக்கு விடுவார்கள். ஓரமெல்லாம் வான்கோழிக் கால் சுடும் புகை. அரங்கத்துக்குப் பெயர் கொடுத்த நைல் கினிக், கல்லூரிக் கால்பந்தின் உயரிய விருதான ஹைஸ்மன் விருதை 1939இல் பெற்ற மாணவர். போர்க்காலத்தில் கடற்படை விமானப் பயிற்சியின்போது 1943இல் கடலில் விழுந்து இறந்தார். படிப்பிலும் ஆட்டத்திலும் முதலிடத்தில் இருந்த அந்தப் பையனைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுவது போலப் பேசுகிறார்கள்.

அரங்கத்தை ஒட்டியே பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் மருத்துவமனை நிற்கிறது. 2017இல் திறந்த உயரமான கட்டடம். மேல்தளச் சன்னல்களிலிருந்து மைதானம் முழுவதும் தெரியும். அந்த ஆண்டு முதல் ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. ஆட்டத்தின் முதல் கால்பகுதி முடிந்ததும் அரங்கத்தில் இருக்கும் அத்தனை பேரும் எழுந்து, திரும்பி நின்று, அந்தச் சன்னல்களைப் பார்த்துக் கையசைப்பார்கள். ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், நடுவர்கள், எதிரணியினர் எல்லோரும். பக்கத்து வீட்டு அம்மாள் தன் மகன் வர முடியாத ஒரு நாள் அவனுடைய டிக்கெட்டை எனக்குக் கொடுத்துக் கூட்டிப்போனார். அது மாலை ஆட்டம். அவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த கூட்டம் கைப்பேசி விளக்குகளை உயர்த்தியது. எதிரே சன்னல்களில் சின்னச் சின்ன வெளிச்சங்கள் பதிலுக்கு ஆடின. முகங்கள் தெரியவில்லை, கண்ணாடியில் ஒட்டிய கைகளும், அட்டையில் எழுதிய பெரிய எழுத்துகளும் தெரிந்தன. எனக்கு முன்வரிசையில் நின்ற, என்னைவிட இரண்டு மடங்கு பருமனான ஓர் ஆள், கண்ணைத் துடைத்துக்கொண்டே கையசைத்துக்கொண்டிருந்தார். வெற்றி தோல்வி எதுவும் எனக்கு நினைவில் இல்லை. மாநிலத்தின் மூலை முடுக்குகளிலிருந்து நோயுற்ற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெற்றோர்கள் இங்கே வந்து மாதக்கணக்கில் தங்குகிறார்கள். ஒரு ஊர் அவர்களுக்குச் செய்யக்கூடிய மரியாதை இதைவிடப் பெரிதாக எதுவும் எனக்குத் தெரியாது.

உங்களுக்கு இருப்பது பெண் குழந்தையானால் கூடைப்பந்து பார்க்க அழைத்துப்போங்கள். பல்கலைக்கழக அணியின் நட்சத்திர வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் இங்கே ஆடிய ஆண்டுகளில் பெண்கள் ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைப்பது அரிதாகிவிட்டது. 2023 அக்டோபர் 15 அன்று அந்தக் கால்பந்து அரங்கத்திலேயே திறந்தவெளியில் தளம் போட்டு ஒரு காட்சி ஆட்டம் நடத்தினார்கள். வந்தவர்கள் 55,646 பேர். பெண்கள் கூடைப்பந்துக்கு அதுவரை எங்கும் அவ்வளவு கூட்டம் சேர்ந்ததில்லை. என் மகளின் வகுப்பில் பாதிப் பெண்பிள்ளைகள் கிளார்க்கின் 22ஆம் எண் சட்டையோடுதான் திரிந்தார்கள், சில பையன்களும்கூட.

ஊரின் நடுவே அயோவா ஆறு ஓடுகிறது. சாதாரண நாளில் சாதுவான ஆறு. 2008 ஜூனில் அது கரை கடந்து பல்கலைக்கழகத்துக்குள் புகுந்தபோது நான் இங்கே இல்லை. பக்கத்து வீட்டு அம்மாள் சொல்லிக் கேட்டதுதான். அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நீர் வருகிறது என்றதும் மாணவர்களும் பேராசிரியர்களும் கடைக்காரர்களும் மணல் மூட்டை கட்டினார்கள். பல்கலைக்கழகத்தின் பெரிய நூலகத்தில் நிலவறைப் புத்தகங்களை மேலே ஏற்ற, படிக்கட்டில் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோனார்கள். அவரும் அந்த வரிசையில் நின்றவர். "எனக்குப் பின்னால் நின்றவன் என் பழைய மாணவன். மூன்றாம் வகுப்பில் ஒரு புத்தகத்தை ஒழுங்காக வைத்திருக்க மாட்டான்," என்று சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. ஆற்றங்கரையில் இருந்த ஹான்சர் கலையரங்கம் மீளவே இல்லை. புதிய அரங்கம் சற்று மேடான இடத்தில் 2016இல்தான் திறந்தது. அதன் மாடியிலிருந்து ஆற்றைப் பார்க்கலாம்.

வெள்ளம் ஒன்றைக் கொடுத்துவிட்டும் போயிருக்கிறது. ஊருக்கு வடக்கே கோரல்வில் அணை இருக்கிறது. 1993 பெருவெள்ளத்தில் அணையின் உபரிநீர் வழியாகப் பல நாள் பாய்ந்த தண்ணீர், மண்ணையெல்லாம் அரித்துத் தள்ளி அடிப்பாறையை வெளியே கொண்டுவந்துவிட்டது. அது சுமார் 37.5 கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்த கடலின் தரை. பவளங்கள், சிப்பிகள், கடல் அல்லிகளின் தண்டுகள் எல்லாம் கல்லாகி அப்படியே பதிந்திருக்கின்றன. எடுத்துப்போகக் கூடாது, ஆனால் குனிந்து, தொட்டு, மணிக்கணக்கில் பார்க்கலாம். கடலிலிருந்து ஆயிரம் மைல் தள்ளி நிற்கிற இடத்தில் உங்கள் குழந்தை பவளப் பூவின் மேல் விரல் வைக்கும். மழை விட்ட மறுநாள் போனால் பாறை கழுவிவிட்டது போல இருக்கும், உருவங்கள் தெளிவாகத் தெரியும்.

குளிர்காலத்தைப் பற்றி ஏற்கெனவே போதுமான அளவு பயமுறுத்தியிருப்பார்கள், நான் சுருக்கமாக முடிக்கிறேன். டிசம்பர் முதல் மார்ச் வரை குளிர் நிச்சயம். 2019 ஜனவரிக் கடைசியில் வந்தது போன்ற துருவக் குளிர் வந்தால் பள்ளியும் பல்கலைக்கழகமும் மூடிவிடும். வெளியே போகாமல் இருப்பதே அறிவு. மற்ற நாட்களில் வாழ்க்கை ஓடிக்கொண்டுதான் இருக்கும். பனி நின்று 24 மணி நேரத்துக்குள் வீட்டு முன்னால் உள்ள நடைபாதையை வீட்டுக்காரர் சுத்தம் செய்ய வேண்டும் என்பது நகராட்சி விதி. எங்கள் தெருவில் முதலில் எழுந்தவர் பக்கத்து வீட்டு வாசலையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். வசந்தத்தில் டொர்னாடோ என்னும் சுழற்காற்று எச்சரிக்கை வரும். மாதத்தின் முதல் புதன்கிழமை காலையில் அபாயச் சங்கு ஒலித்தால் அது சோதனை. மற்ற நேரத்தில் ஒலித்தால் யோசிக்காமல் நிலவறைக்கு இறங்கிவிடுங்கள். 2006 ஏப்ரலில் ஒரு சுழற்காற்று ஊருக்குள்ளேயே புகுந்து, பழமையான செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தைச் சிதைத்துவிட்டுப் போயிருக்கிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. வாடகை, ஊரின் அளவுக்கு அதிகம். கடைத்தெருவை ஒட்டிய குடியிருப்புகளில் வியாழன் இரவு தொடங்கி மாணவர்களின் குடிக் கூத்தைத் தாங்க முடியாது. 2010 முதல் 21 வயது நிரம்பாதவர்கள் இரவு பத்து மணிக்கு மேல் மதுக்கடைகளில் இருக்க முடியாது. இருந்தாலும் குழந்தையோடு அங்கே வீடு எடுக்காதீர்கள். எல்லாவற்றையும்விட என்னைக் கோபப்படுத்துவது வாடகை ஒப்பந்தங்கள்தான். பழைய ஒப்பந்தம் ஜூலைக் கடைசியில் முடியும், புதியது ஆகஸ்டு முதல் தேதிதான் தொடங்கும். இடையில் ஓரிரு நாள் ஆயிரக்கணக்கானோர் தட்டுமுட்டுச் சாமான்களோடு தெருவில் நிற்பார்கள். எங்களுக்கு முதலில் வாய்த்த வீட்டு உரிமையாளர், கைக்குழந்தை இருக்கிறதே என்று கெஞ்சியும் ஒரு மணி நேரம்கூட முன்னதாகச் சாவி தரவில்லை. குழந்தைகளோடு வருபவர்களுக்காவது இதில் விலக்கு வேண்டும் என்று நகரசபைக் கூட்டத்தில் பேசியிருக்கிறேன், இனியும் பேசுவேன். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் அங்கே எழுந்து பேசலாம், குடியுரிமை வேண்டியதில்லை.

தமிழுக்கும் இந்த ஊருக்கும் ஓர் உறவு உண்டு. 1967 முதல் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் பல நாட்டு எழுத்தாளர்களை வரவழைத்துத் தங்கவைக்கும் திட்டம் ஒன்று பல்கலைக்கழகத்தில் நடக்கிறது. 1973இல் அசோகமித்திரன் அதில் கலந்துகொண்டு இங்கே தங்கியிருந்தார். யுனெஸ்கோ 2008இல் இந்த ஊரை இலக்கிய நகரமாக அறிவித்தது. அமெரிக்காவில் அந்தப் பெயர் பெற்ற முதல் ஊர் இதுதான். 1978இல் தொடங்கிய ப்ரெய்ரி லைட்ஸ் புத்தகக் கடையில் மாலை நேரங்களில் எழுத்தாளர்கள் வாசிப்பார்கள், அனுமதி இலவசம். தமிழ்க் குடும்பங்கள் அதிகம் இல்லை. ஆனால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரு கூடம் நிறைகிற அளவுக்கு இருக்கிறோம். இட்லி அரிசியும் நல்லெண்ணெயும் உள்ளூரிலேயே கிடைக்கும். கோயிலுக்கு சீடர் ராபிட்ஸ், அரை மணி நேரம். பெரிய நகரம் வேண்டுமென்றால் சிகாகோ, காரில் நான்கு மணி நேரத்துக்குள்.

வீட்டை ஆகஸ்டு முதல் தேதிக்கு எடுங்கள். பஸ் தடத்துக்குப் பக்கத்தில், ஆற்றிலிருந்து மேட்டுப் பகுதியில் பாருங்கள். ஜூலைக் கடைசியிலேயே வந்துவிட்டால் அந்த ஓரிரு நாளுக்கு எங்கள் வீட்டில் இடம் இருக்கிறது, தகவல் அனுப்புங்கள். கனமான குளிர்ச்சட்டைகளைச் சென்னையில் வாங்கிப் பெட்டியை நிரப்ப வேண்டாம். இங்கே பழைய துணிக் கடைகளில் நல்ல நிலையில் உள்ளவை மலிவாகக் கிடைக்கும், அக்டோபர் வரை தேவைப்படவும் செய்யாது. பனிக் காலணி மட்டும் குழந்தைக்குப் புதிதாக, ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். உள்ளே கம்பளிக் காலுறை போட இடம் வேண்டும்.