ஏஎச்ஐ 22 வந்தால் சிபேப் போட்டே ஆக வேண்டுமா?

தூக்கப் பரிசோதனையில் ஏஎச்ஐ 22, டாக்டர் சிபேப் மெஷின் (தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதை அடையாமல் வைப்பது) வாங்கச் சொல்கிறார், வேறு வழியே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, ராத்திரி அந்த மாஸ்க்கை மாட்டிக்கொண்டு தூங்குகிற ஆள். வழிகள் இருக்கின்றன, ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஏஎச்ஐ 22 என்றால் தூக்கத்தில் மணிக்குச் சராசரியாக 22 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ போகிறது. இந்தக் கோளாறைத்தான் ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள். 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். சரி, ரிப்போர்ட்டில் மல்லாந்து படுத்தபோது எவ்வளவு, ஒருக்களித்தபோது எவ்வளவு என்று தனியாகப் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். மல்லாந்தால் 40, ஒருக்களித்தால் 4 என்று இருப்பவருக்கு மல்லாந்து படுக்க விடாமல் செய்யும் பெல்ட்டே பெரிய உதவி. ரத்தத்தில் ஆக்சிஜன் 90 சதவீதத்துக்குக் கீழே எவ்வளவு நேரம் இருந்தது என்பதையும் கேளுங்கள்.

அப்புறம் பகல். வண்டி ஓட்டும்போது கண் சொருகுகிறதா? மாத்திரை போட்டும் பிபி இறங்க மறுக்கிறதா? ஆம் என்றால் யோசித்துக்கொண்டு இருக்காமல் மெஷினை ஆரம்பித்துவிடுங்கள். பகலில் தெளிவாகத்தான் இருக்கிறேன் என்றால் நிதானமாகப் பேசி முடிவெடுக்க இடம் இருக்கிறது. ஏற்கனவே இதயநோயோ பக்கவாதமோ வந்தவர்களிடம் நடத்தி 2016ல் வெளியான பெரிய ஆய்வில் சிபேப்பால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை, ஆனால் பகல் தூக்கமும் குறட்டையும் குறைந்தன. அதில் பலரும் ராத்திரிக்கு மூன்று மணி நேரச் சொச்சம்தான் போட்டிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்கணும்.

மெஷினை வெறுப்பவர்களில் பாதிப் பேர் உண்மையில் மாஸ்க்கைத்தான் வெறுக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். உட்கார்ந்துகொண்டு அளவு பார்த்தால் சரியாகத்தான் இருக்கும், படுத்ததும் கன்னம் சரிந்து ஓரத்தில் காற்று புஸ்ஸென்று கண்ணில் அடிக்கும், உடனே பட்டையை இறுக்குவோம், மூக்குத் தண்டில் புண் வரும், கசிவு மட்டும் நிற்காது. படுத்துக்கொண்டு, காற்று ஓடும்போது பட்டையைச் சரிசெய்யுங்கள். காலையில் வாய் வறண்டிருந்தால் காற்று வாய்வழியாகப் போகிறது என்று அர்த்தம், பெரும்பாலும் மூக்கடைப்புதான் காரணம், முதலில் அதைக் கவனியுங்கள்.

அதுவும் ஒத்துவரவில்லை என்றால், கீழ்த்தாடையை முன்னே இழுத்து வைக்கும் பல் கருவி உங்களைப் போல நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கு நல்ல மாற்று. சிபேப் அளவுக்கு ஏஎச்ஐயைக் குறைக்காது, ஆனாலும் ராத்திரி முழுக்க வாயில் இருக்கும். தாடை வலிக்கும், வருஷக்கணக்கில் போட்டால் பல் கடிப்பும் கொஞ்சம் மாறலாம். பல் மருத்துவரிடம் அளவெடுத்துச் செய்யுங்கள், கருவியைப் போட்டுக்கொண்டு மறுபடி தூக்கப் பரிசோதனை எடுங்கள், குறட்டைச் சத்தம் அடங்கியதை வைத்து குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். உள்நாக்குப் பக்கம் வெட்டுகிற அறுவை சிகிச்சையிலும் இதே சிக்கல் உண்டு: சத்தம் போய், மூச்சு நிற்பது மட்டும் தொடரலாம். டான்சில் பெரிதாக இருந்தால் அது வேறு கதை, அதை எடுப்பது நிறையப் பேருக்குக் கைகொடுக்கிறது.

உடல் பருமன் இருந்தால் எடை குறைப்பது எல்லா வழிகளோடும் சேரும். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்டிஏ, பருமனோடு நடுத்தர அல்லது தீவிர ஆப்னியா உள்ள பெரியவர்களுக்கு, எடையைக் குறைக்கும் டிர்செபடைட் ஊசியை அனுமதித்தது. எடை இறங்க மாதங்கள் ஆகும், அதுவரை மூச்சுக்கு ஏதாவது ஒன்று வேணும்.

வாங்குவதற்கு முன்னால் சில வாரம் வாடகைக்கு மெஷின் கிடைக்குமா என்று கேளுங்கள். எத்தனை மணி நேரம் போட்டீர்கள், எவ்வளவு கசிவு, மெஷின் போட்டும் மிச்சமிருக்கும் ஏஎச்ஐ எவ்வளவு என்று அதிலேயே பதிவாகும், அதோடு டாக்டரிடம் போங்கள். தூக்க மாத்திரையோ இரவில் மதுவோ உண்டு என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.