மகளுக்கு மூன்றாவது முறையாகப் பல் எக்ஸ்ரே: எடுக்கலாமா?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். மகளுக்கு 8 வயது. கடைவாய்ப் பல் சொத்தைக்காக ஆறு மாதத்துக்குள் இங்கே ஒன்று, குன்னூரில் ஒன்று என இரண்டு எக்ஸ்ரே எடுத்தாயிற்று. இப்போது கோவை டாக்டர் முழுத் தாடைக்கும் ஓ.பி.ஜி. என்ற எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார். சின்னப் பிள்ளைக்கு இத்தனை எக்ஸ்ரே ஆகுமா என்று என் அம்மா பயப்படுகிறார். குன்னூரில் ஈயக் கவசம்கூடப் போடவில்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் அம்மாவின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். வளரும் பிள்ளைகளின் உடலைக் கதிர்வீச்சு பெரியவர்களைவிட எளிதில் பாதிக்கும். காரணமில்லாமல் ஒரு படம்கூட எடுக்கக் கூடாது என்று நாங்கள் சொல்வது அதனால்தான். ஆனால் அளவையும் பார்க்க வேண்டும். டிஜிட்டல் முறையில் ஒரு பல்லுக்கு எடுக்கும் சின்னப் படத்தில் உடலில் சேர்வது சுமார் 5 மைக்ரோசீவர்ட் (உடலில் சேரும் கதிர்வீச்சைக் கணக்கிடும் அலகு இது). முழுத் தாடையையும் காட்டும் ஓ.பி.ஜி.யில் பெரும்பாலும் 10 முதல் 25 வரை. எக்ஸ்ரே அறைப் பக்கமே போகாதவருக்கும் மண், பாறை, காற்று, சாப்பாடு, வானம் என்று எல்லா வழியிலும் ஆண்டுக்கு உலக சராசரியாக 2,400 மைக்ரோசீவர்ட் சேர்கிறது. ஒரு நாளைக்கு ஆறு, ஏழு. மலையில் இருக்கும் நமக்கு வானத்திலிருந்து வரும் பங்கு சமவெளிக்காரர்களைவிடக் கூடுதல். வானத்திலிருந்து வரும் அந்தக் காஸ்மிக் கதிர்களை ஆராயும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வகம் ஊட்டியில்தானே இருக்கிறது! மூன்று படமும் டிஜிட்டல் என்றால், எல்லாம் சேர்ந்து இந்த இயற்கைக் கணக்கில் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும்.

சரி, ஓ.பி.ஜி. தேவையா? டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இந்தப் படத்தைப் பார்த்த பிறகு சிகிச்சையில் எதை முடிவு செய்வீர்கள்?" எட்டு வயதில் பால் பல்லும் நிரந்தரப் பல்லும் கலந்திருக்கும். அடியில் நிரந்தரப் பல் இருக்கிறதா, கோணலாக வருகிறதா, கூடுதல் பல் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க ஓ.பி.ஜி. நல்ல படம். பழைய சொத்தை எவ்வளவு ஆழம் என்பதற்கு மட்டும் என்றால், அது பொருத்தமில்லை. பற்களுக்கு நடுவே உள்ள சொத்தை சின்னப் படத்தில்தான் தெளிவாகத் தெரியும். முப்பரிமாண ஸ்கேன் என்று யாராவது சொன்னால் கட்டாயம் காரணம் கேளுங்கள். அதில் கதிர்வீச்சு பல மடங்காகலாம்.

என்னை உண்மையில் வருத்தப்பட வைப்பது வேறு. கோத்தகிரியில் எடுத்த படத்தைக் குன்னூருக்குக் கொண்டு போனீர்களா? மலையிலிருந்து கீழே இறங்கும் குடும்பங்கள் பழைய படத்தை வீட்டில் விட்டுவிட்டு வருவதும், அங்கே அதே பல்லைத் திரும்ப எடுப்பதும் வழக்கமாகிவிட்டது. டிஜிட்டல் படம் என்றால் அசல் கோப்பையே கேட்டு வாங்குங்கள். கணினித் திரையைப் போனில் பிடித்த படத்தில் நுண்ணிய விவரம் போய்விடும். ஃபிலிம் என்றால் தேதி எழுதிய காகித உறையில் வையுங்கள். நம் ஊர் மழைக்காலத்தில் பிளாஸ்டிக் கவருக்குள் ஈரம் நின்று பூஞ்சை பிடித்துவிடும்.

ஃபிலிமில் இன்னொரு சங்கடமும் உண்டு. கழுவும் ரசாயனம் 20 டிகிரியில் ஐந்து நிமிடத்தில் வேலையை முடிக்கும். டிசம்பர் காலையில் ஊட்டியில் அந்தத் திரவம் சில்லிட்டுக் கிடக்கும். படம் வெளிறிப்போய் வரும். ஆரம்பக் காலத்தில் காரணம் புரியாமல் நானே எக்ஸ்ரே நேரத்தைக் கூட்டி ஒரு பையனுக்கு இரண்டாவது படம் எடுத்திருக்கிறேன். திரவத்தைச் சூடுபடுத்தியிருந்தால் போதும். இன்றும் அதை நினைத்தால் மனசு கேட்பதில்லை. அதனால், முடிந்தால் டிஜிட்டல் உள்ள இடமாகப் பாருங்கள். கருவி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தில் பதிவானதா என்று கேட்கவும் தயங்க வேண்டாம்.

ஈயக் கவசம் போடாததைத் தவறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கதிரைக் குறுகலாகப் பாய்ச்சும் இன்றைய கருவிகளில் அது வழக்கமாகத் தேவையில்லை என்று அமெரிக்க பல் மருத்துவச் சங்கம் 2024இல் அறிவித்தது. ஓ.பி.ஜி.யில் கழுத்தில் போடும் ஈயப் பட்டை படத்தையே மறைத்துவிடக்கூடும். குழந்தைக்கு ஏற்ற குறைந்த அளவு வைத்திருக்கிறார்களா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

எடுக்கும் நாளில் கம்மல், செயின், ஹேர் கிளிப்பைக் கழற்றிவிடுங்கள். கம்மலின் நிழல் எதிர்ப்பக்கப் பல் மேல் விழும். மஃப்ளர், தடித்த காலர் வைத்த ஜெர்கின் இருந்தால் கருவி தோளில் இடிக்கும்; அதையும் கழற்றுங்கள். கருவி தலையைச் சுற்றி வர 15 விநாடி போல ஆகும். அதுவரை சிலைபோல் நிற்க வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்குங்கள். அசைந்தால் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். சின்னப் படத்தின்போது பிள்ளையின் வாயில் ஃபிலிமை யாராவது பிடிக்க வேண்டி வந்தால் நீங்கள் பிடியுங்கள். கர்ப்பமாக இருப்பவர் பிடிக்க வேண்டாம்.

அப்புறம், சொத்தை வந்த பிள்ளை என்பதால் 6 முதல் 12 மாதத்தில் சின்னப் படம் ஒன்று மறுபடியும் தேவைப்படலாம். அன்றைக்கு இந்த மூன்று படங்களையும் கையோடு எடுத்துப் போங்கள்.