அமெரிக்கர் என்ற அடையாளம் எப்படி உருவானது?

தேசிய அடையாளம் என்பது, 'நாம் யார், நம்மில் யாரெல்லாம் சேர்த்தி' என்று ஒரு நாட்டு மக்கள் வைத்திருக்கும் எண்ணம். அமெரிக்காவில் அது பெரும்பாலும் ஒரு வரியைச் சுற்றி வளர்ந்தது: 1776 சுதந்திரப் பிரகடனத்தில் உள்ள 'எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்'.

ஓர் உயிலை நினைத்துக்கொள்ளுங்கள். 'பிள்ளைகள் எல்லோருக்கும் சம பங்கு' என்று எழுதியிருக்கிறது. சிலருக்கு மட்டும் பங்கு தரவில்லை. விடுபட்டவர்கள் உயிலைக் கிழிக்க மாட்டார்கள், அதையே காட்டி வழக்காடுவார்கள். அமெரிக்கச் சீர்திருத்த இயக்கங்கள் பலவும் இதைத்தான் செய்தன.

1848 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் செனிகா ஃபால்ஸ் என்ற ஊரில் கூடிய பெண்ணுரிமை மாநாட்டைப் பாருங்கள். பெண்ணுரிமைப் போராளி எலிசபெத் கேடி ஸ்டான்டனும் தோழிகளும் பிரகடனத்தின் நடையை அப்படியே எடுத்து, அந்த வரியில் 'பெண்களும்' என்று சேர்த்தார்கள். அந்த வரியில் அவ்வளவுதான் மாற்றம், ஆனால் எவ்வளவு துணிச்சல்! 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்திட்டார்கள். பெண்களின் வாக்குரிமை அரசியலமைப்பில் ஏற 1920 வரை, 72 ஆண்டுகள் ஆயின.

கறுப்பின மக்களின் பாதை இன்னும் கொடியது. அவர்கள் குடிமக்களே ஆக முடியாது என்று 1857-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடிமை முறையை ஒட்டி வட, தென் மாநிலங்களுக்கிடையே நடந்த உள்நாட்டுப் போருக்குப் பின், 1868-இல் வந்த அரசியலமைப்பின் 14-ஆவது திருத்தம் அந்த மண்ணில் பிறந்தவர்களைக் குடிமக்களாக்கியது. தென் மாநிலங்களோ தேர்தல் வரி, எழுத்தறிவுச் சோதனை என்று தடை போட்டு அவர்களை வாக்களிக்க விடவில்லை. 1965 வாக்குரிமைச் சட்டம்தான் அந்தச் சோதனைகளை முடக்கியது.

அதிபர் லிங்கனின் 1863 அடிமை விடுதலைப் பிரகடனமே அடிமை முறையை ஒழித்தது என்று பலர் நினைக்கிறார்கள்; அது உள்நாட்டுப் போரில் அரசை எதிர்த்து நின்ற தென் பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது, நாடு முழுவதும் ஒழித்தது 1865 டிசம்பரில் ஏற்கப்பட்ட 13-ஆவது திருத்தம்.