ஐந்து பேர் இன்னும் வருகிறார்கள் அல்லவா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, நான் மின்வாரியத்தில் 33 வருடம் வேலை பார்த்து, இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றவன். ஊர் உச்சிப்புளி. மகள் கோயம்புத்தூரில், மகன் துபாயில். வீட்டில் நானும் மனைவியும்தான். அவளும் சத்துணவு அமைப்பாளராக இருந்து வேலை முடித்து வந்தவள். இப்போது வீட்டோடு இருக்கிறாள். போன தை மாதம் என்னைப் போல ஓய்வு பெற்றவர்களைச் சேர்த்து ஒரு குழு ஆரம்பித்தேன். முதல் கூட்டத்துக்கு 26 பேர் வந்தார்கள். மறு மாதமே வேன் பிடித்துக் கொடைக்கானல் போனோம். திரும்பி வந்ததும் காசுக் கணக்கில் மனக்கசப்பு. வாட்ஸப் குழுவில் அரசியல் பேசி நாலு பேர் வெளியேறிவிட்டார்கள். சொற்பொழிவுக்கு ஆள் கூட்டி வந்தால் கேட்க ஆள் இல்லை. இப்போது ஐந்து பேர்தான் வருகிறோம். பெண்கள் ஒருவர்கூடக் கிடையாது. என் மனைவியைக் கூப்பிட்டால், "நாலு ஆம்பளைங்க உக்காந்து பேப்பர் படிக்கிற இடத்துக்கு நான் எதுக்கு?" என்கிறாள். கலைத்துவிடலாமா?

– ஓய்வு பெற்ற வாசகர், உச்சிப்புளி

பதில்: அன்புத் தம்பிக்கு,

கலைக்க வேண்டாம். சண்டை, கணக்குத் தகராறு, வெயில் எல்லாவற்றையும் தாண்டி ஐந்து பேர் இன்னும் வருகிறார்கள் என்றால், உங்கள் குழு இப்போதுதான் ஆரம்பமாகியிருக்கிறது. அந்த 26 பேர் என்ன நடக்கிறது என்று பார்க்க வந்தவர்கள். இந்த ஐந்து பேருக்குத்தான் குழு வேண்டியிருக்கிறது. ராமநாதபுரத்தில் எங்கள் குழுவை எட்டுப் பேர் சேர்ந்து தொடங்கினோம். ஒரு ஐப்பசி மாத மழையில் மூன்று பேர் மட்டும் குடையோடு உட்கார்ந்திருந்ததும் உண்டு.

கொடைக்கானலில்தான் தவறு நடந்தது என்று எனக்குப் படுகிறது. ஒருவர் பெயர் ஒருவருக்குச் சரியாகத் தெரியாத 26 பேர் விடிய விடிய ஒரே வேனில் போனால், யாருக்கு ஜன்னலோரம், யாருக்குப் பின் சீட்டு என்பதிலேயே பாதி உறவு போய்விடும். இந்த வயதில் ஒருவருக்கு இரவில் மூன்று முறை எழுந்திருக்க வேண்டும், இன்னொருவருக்கு எட்டு மணிக்குள் காலைச் சாப்பாடு ஆகவேண்டும். பழகிய பிறகு இதெல்லாம் சொல்லாமலே தெரியும். பழகுவதற்கு முன் எல்லாமே குறையாகத்தான் தோன்றும்.

முதல் ஒரு வருடம் அரை நாள் பயணம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட வேண்டும். மாதத்தில் ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். இரண்டாவது புதன்கிழமை என்றால் மழையோ வெயிலோ இரண்டாவது புதன்கிழமைதான். யாரையும் போன் பண்ணி அழைக்கத் தேவையில்லாத அளவுக்கு அந்த நாள் ஊருக்குப் பழகவேண்டும்.

போக இடமா இல்லை? நீங்கள் பாசஞ்சர் ரயில் நிற்கிற ஊரில் இருக்கிறீர்கள். ஒரு நாள் காலையில் உச்சிப்புளியில் ஏறி ராமேஸ்வரம் வரை போய் வாருங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்தின் மேல் போகும்போது, பக்கத்திலேயே 1914-இல் திறந்த பழைய பாலத்தின் தடம் இருக்கும். ராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிராகாரம் வெயில் படாமல் நடப்பதற்கென்றே கட்டினதுபோல இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் கொஞ்சம் நடந்து, கொஞ்சம் உட்கார்ந்து போகலாம்.

மார்கழி, தையில் தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைகள் வந்து நிற்கும். சக்கரக்கோட்டைக் கண்மாயிலும் அந்தப் பருவத்தில் பறவைகள் பார்க்கலாம். தொண்டி போகிற வழியில் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப் போகிறார்கள். படகில் ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்க வேண்டும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்து ஓவியங்களை நம்மூர்க்காரர்களில் பாதிப் பேர் பார்த்ததே இல்லை. சேதுபதிக்கும் தஞ்சாவூர் மராட்டியருக்கும் நடந்த சண்டையைச் சுவரில் தீட்டியிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் நின்று பார்க்கலாம்.

ஒன்று கவனியுங்கள். ஓய்வு பெற்றவர் குழு என்றாலே கோயில் கோயிலாகப் போவது என்று ஆகிவிடுகிறது. நம் கரையில் அப்படிச் செய்தால் பாதி ஊரை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று அர்த்தம். திருப்புல்லாணிக்குப் போனால் அடுத்த மாதம் கீழக்கரைக்குப் போங்கள். அங்கே பழைய பள்ளிவாசலின் கல்தூண்களைப் பார்த்தால், கோயில் மண்டபத்துத் தூண் செதுக்கிய கை எதுவோ அதே கைதான் இதையும் செதுக்கியிருக்கிறது என்று தோன்றும். ஜமாத்தில் முன்கூட்டியே கேட்டு, தொழுகை நேரம் பார்த்துப் போங்கள். அதற்கடுத்து ஓரியூர். 1693-இல் அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோ பாதிரியார் உயிர் விட்ட இடம். எல்லா வீட்டுக்காரர்களும், ‘இது நம்ம குழு’ என்று சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இனி, பெண்கள் ஏன் வருவதில்லை என்பதற்கு வருகிறேன். எங்கள் குழுவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான்கு வருடத்துக்கு முன் ஒரு சித்திரை மாதம் தனுஷ்கோடி போனோம். அரிச்சல்முனையில் காலை பதினோரு மணி. மணல் கொதிக்கிறது. எங்களோடு வந்த ஒரு அக்கா வேனின் நிழலில் சாய்ந்து நின்றவர், அப்படியே சரிந்துவிட்டார். உதடு வறண்டு வெடித்திருந்தது. மடியில் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுத்து, புடவை முந்தானையை நனைத்து முகத்தில் வைத்து, கண் திறந்த பிறகு மெதுவாகக் கேட்டேன். முதல் நாள் ராத்திரியிலிருந்தே அவர் தண்ணீர் குடிக்கவில்லை. "வழியில எங்க போறதுன்னு தெரியல, அதான் குடிக்கல" என்றார். அவருக்குச் சர்க்கரையும் உண்டு. பயணத்துக்குத் திட்டம் போட்ட நானும் ஒரு பெண்தான். எனக்கே தோன்றவில்லை என்பது இன்றைக்கும் நெஞ்சைக் குத்துகிறது.

அன்றிலிருந்து எங்கள் பயணத் தாளில் முதல் வரி கழிப்பறைதான். எங்கே இருக்கிறது, சுத்தமாக இருக்கிறதா, மேற்கத்திய வகை உண்டா, எத்தனை மணிக்கு அங்கே நிற்போம் என்று எழுதுகிறோம். அதை ஒருவர் முன்னாடியே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். இரண்டாவது வரி நிழல், மூன்றாவது சாப்பாட்டு நேரம். பார்க்கிற இடத்தின் பெருமையெல்லாம் அதற்கப்புறம்தான். இதை ஆரம்பித்த ஆறு மாதத்தில் எங்கள் குழுவில் பெண்கள் பாதிக்கு மேல் ஆகிவிட்டார்கள். நீங்களும் அடுத்த பயணத்துக்கு முன் அந்த விவரத்தை எழுதி அனுப்பிப் பாருங்கள். டவுன் பஸ் போகிற இடமாகப் பார்த்தால் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. வீட்டில் காசு கேட்க வேண்டாம் என்பதே பலருக்குப் பெரிய விஷயம்.

சொற்பொழிவுக்கு ஆள் வரவில்லை என்கிறீர்கள். யாரைக் கூப்பிட்டீர்கள் என்று எழுதவில்லை. நாற்பது வருடம் மேலதிகாரி பேசக் கேட்டவர்களை மறுபடி நாற்காலியில் வரிசையாக உட்காரவைத்தால் யார் வருவார்? 1973-இல் பிரான்சில் துலூஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். படிக்கிற பருவம், உழைக்கிற பருவம், அதற்குப் பிறகு வருகிற மூன்றாம் பருவம். 1980-களின் தொடக்கத்தில் அது பிரிட்டனுக்கு வந்தபோது, தனியாக வாத்தியார் தேவையில்லை என்று முடிவு செய்தார்கள். தச்சு தெரிந்தவர் தச்சு சொல்வார், வரலாறு தெரிந்தவர் வரலாறு சொல்வார், இன்றைக்குச் சொல்பவர் நாளைக்குக் கேட்பார். பரீட்சை கிடையாது. அந்தக் கதையைப் படித்தபோது எனக்கு நம் ஊர்த் திண்ணைதான் ஞாபகம் வந்தது.

எங்கள் குழுவில் ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவர் இருக்கிறார். பழைய பாம்பன் பாலத்தில் பல வருடம் இருந்தவர். பேசச் சொன்னால், "எனக்கு மேடையெல்லாம் வராதும்மா" என்று ஒரு வருடம் தட்டிக் கழித்தார். "பேச வேண்டாம், கையால் காட்டுங்கள் போதும்" என்றேன். சரி என்று வந்தவர், இரண்டு பனையோலை விசிறியை எடுத்து நுனியும் நுனியும் தொட நீட்டிப் பிடித்தார். அதுதான் தூக்குப் பாலம். இந்தப் பக்கம் இவ்வளவு பேர், அந்தப் பக்கம் இவ்வளவு பேர் நின்று கையாலேயே சுற்றுவார்கள் என்று சொல்லிக்கொண்டே இரண்டு விசிறியையும் மெல்ல மெல்ல மேலே நிமிர்த்தினார். நடுவில் ஒரு பொடியன் காகிதக் கப்பலை விட்டான். அப்புறம் புதுப் பாலத்துக்கு இரண்டு செம்பை நிறுத்தி, நடுவில் ஒரு தாம்பாளத்தைப் பிடித்து, மடியாமல் நேராக மேலே தூக்கிக் காட்டினார். 72.5 மீட்டர் நீளம், 17 மீட்டர் உயரம் போகும், மோட்டாரே தூக்கிவிடும் என்றார். கடைசியில், "இனி எங்க கை தேவையில்ல" என்று விசிறியைக் கீழே வைத்தபோது யாருக்கும் பேச்சு வரவில்லை. அன்றைக்கு அவருடைய மனைவி முதன்முறையாக வந்து உட்கார்ந்திருந்தார்.

உங்கள் குழுவில் பென்ஷன் வாங்குகிறவர்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன். அந்தக் கதவைத் திறந்துவிடுங்கள். கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட ஒரு மீனவர் ஓய்வு பெற்றவர் இல்லையா? அவருக்கு யாரும் பிரிவு உபசார விழா நடத்தி மாலை போடவில்லை, அவ்வளவுதான். கச்சான் காற்று எப்போது எடுக்கும், கொண்டல் காற்று எப்படி வரும், வாடைக் காற்றில் பாக் நீரிணை எப்படிக் கலங்கும், அதே நேரம் மன்னார் வளைகுடாப் பக்கம் எப்படி இருக்கும் என்று அவர் பேசினால் நாள் போதாது. பாம்பன் சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கப் போய்க்கொண்டிருந்து, இப்போது மூச்சுப் பிடிக்க முடியாமல் நின்றுவிட்ட பெண்கள் இருக்கிறார்கள். பாறை கிழிக்காமல் விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கி எடுப்பார்கள். எது மரிக்கொழுந்துப் பாசி, எது கட்டக்கோரை, அதிலிருந்து எடுக்கிற சரக்கு ஐஸ்கிரீம் வரைக்கும் எப்படிப் போகிறது என்று அவர் வாயால் கேளுங்கள். சந்தா வாங்காதீர்கள், பஸ் காசையும் டீயையும் குழு பார்த்துக்கொள்ளட்டும். அவர் பக்கத்தில் தரையில் உட்கார உங்கள் ஆட்களுக்குத் தயக்கம் இருந்தால், முதலில் நீங்கள் உட்காருங்கள்.

வெளி ஆளைக் கூப்பிடுவதாக இருந்தால் வருடத்துக்கு இரண்டு பேர் போதும். ஒருவர் சைபர் குற்றப் பிரிவிலிருந்து. ‘டிஜிட்டல் கைது’ என்று வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கிறவர்களுக்கு ஓய்வூதியர்கள்தான் முதல் குறி. அப்படி ஒரு கைதே சட்டத்தில் கிடையாது. பணம் போனால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். இன்னொருவர் வங்கியிலிருந்தோ கருவூலத்திலிருந்தோ, உயிர்வாழ் சான்று, குடும்ப ஓய்வூதியம், நாமினி பதிவு பற்றிச் சொல்ல. இதற்குக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். கணவர் போன பிறகு எந்த அலுவலகத்தில் எந்தத் தாள் கொடுப்பது என்று தெரியாமல் நிற்கிற பெண்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

வாட்ஸப்புக்கு ஒரே வழிதான். குழுத் தலைவர் மட்டும் பதிவிடும்படி மாற்றிவிடுங்கள். நாள், நேரம், இடம், கழிப்பறை, அவ்வளவுதான் அதில் வரவேண்டும். அரசியல் நேரில் பேசினால் எழுந்து டீ எடுத்துக் கொடுக்கலாம், போனில் அது முடியாது. வெளியேறிய நாலு பேர் வீட்டுக்கும் நீங்களே நேரில் போங்கள். விளக்கம் சொல்ல வேண்டாம். "புதன்கிழமை ரயில்ல போறோம், வர்றீங்களா?" என்று மட்டும் கேளுங்கள்.

வராதவர்கள் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். தொடர்ந்து வந்தவர் இரண்டு மாதம் வரவில்லை என்றால், அது சலிப்பாக இருக்காது. கண்புரை, காது கேளாமை, வீட்டில் படுத்திருக்கிற ஒருவர், இல்லாவிட்டால் மனது. எங்கள் குழுவில் ஒருவர் மனைவி தவறிய பிறகு வருவதை நிறுத்திவிட்டார். அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த மாதக் கூட்டத்தை அவர் வீட்டு வேப்பமரத்தடியில் வைத்தோம். வெளியே வந்து எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார், உள்ளே போய்விட்டார். அடுத்த மாதமும் அங்கேயே வைத்தோம். மூன்றாவது மாதம் எங்களோடு திருப்புல்லாணிக்கு வந்தார்.

கணக்கைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன், அதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன் தம்பி. உங்களை ‘ஓய்வு பெற்றவன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனைவியை ‘வீட்டோடு இருக்கிறாள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவரும் ஓய்வு பெற்றவர்தான். சத்துணவு அமைப்பாளர் என்றால் என்ன வேலை என்று ஆசிரியையாக இருந்த எனக்குத் தெரியும். இன்றைக்கு எத்தனை பிள்ளைகள், எத்தனை கிலோ அரிசி, எத்தனை முட்டை, மிச்சம் எவ்வளவு என்று தினமும் பதிவேட்டில் எழுதி, அதிகாரி எந்த நேரம் வந்து கேட்டாலும் ஒரு முட்டைகூடக் குறையாமல் கணக்குக் காட்ட வேண்டும். அதையும் செய்து, பிள்ளைகளுக்கு நேரத்துக்குச் சோறும் போட்டவர் அவர்.

அடுத்த கூட்டத்துக்கு அவரை வரச்சொல்லாதீர்கள். ஒரு நோட்டு வாங்கி அவர் கையில் கொடுங்கள். குழுவின் காசு இனி அவரிடம்தான் இருக்க வேண்டும் என்று மற்ற நாலு பேரையும் வீட்டுக்கு அழைத்து அவர் முன்னாலேயே கேளுங்கள். முதல் அரை நாள் பயணம் எங்கே, எத்தனை மணிக்கு, கையில் என்ன சாப்பாடு கொண்டுபோவது என்பதை அவரே சொல்லட்டும். அவர் சொல்கிற இடம் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் போய்வாருங்கள். போய்வந்த பிறகு எத்தனை பேர் வந்தார்கள் என்று எனக்கு ஒரு கடிதம் போடச் சொல்லுங்கள், அவரையே.