தம்பி பவுடர்ல (ஹெரோயின்ல) இருந்து மீண்டு வர ஜெபம் மட்டும் போதுமா, கிளினிக்ல குடுக்கற மெத்தடோனும் வேணுமா?

தம்பி இப்பதான் சர்ச்சுக்கு வர ஆரம்பிச்சிருக்கான், கிளினிக்ல மெத்தடோன் போடலாம்ங்கறாங்க, பாஸ்டரோ "அதுவும் போதைதானே, விசுவாசம் இருந்தா எதுக்கு மருந்து"ன்னு கேக்கறார், யார் பேச்சை கேக்கறதுன்னு எழுதியிருந்தீங்க. ரெண்டும் வேணும்ங்க. நானும் சபைக்குப் போறவதான், சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்லயே பொறந்து வளந்தவ, எங்க அண்ணன் இந்த பவுடர்ல விழுந்து எழுந்தவர், அதனால சொல்றேன்.

மொதல்ல உடம்பு கதை. ஹெரோயின் நிறுத்தினா அரை நாள், ஒரு நாளுக்குள்ள மூக்கு ஒழுகும், கொட்டாவி, கால் இழுக்கும், வயித்தால போகும், ரெண்டாவது மூணாவது நாள்தான் உச்சம், ஒரு வாரம் போல ஆகும் அடங்க. அந்த வாரத்தை ஜெபத்துல தாண்டினவங்களை நானும் பாத்திருக்கேன், பொய் சொல்லல. ஆனா கஷ்டமே அதுக்கப்புறம்தான் இருக்கு. உடம்பு சரியாயிடும், கியான், அதான் திரும்ப வேணும்ங்கற அந்த ஏக்கம், போகாது, சம்பளம் போட்ட அன்னைக்கு சாயங்காலம் பழைய கூட்டாளி கப்சாய் பைக்ல வந்து வாசல்ல ஹாரன் அடிப்பான் பாருங்க, அப்பதான் தெரியும். இன்னொண்ணு, இதை வீட்ல எல்லாருக்கும் சொல்லி வைங்க: கொஞ்ச நாள் விட்டுட்டு திரும்ப பழைய அளவே எடுத்தா உடம்பு தாங்காது, மூச்சு நின்னுடும். மறுவாழ்வு ஹோம்ல இருந்தோ போலீஸ் லோக்காப்ல இருந்தோ வந்த புதுசுலதான் நெறைய பேர் இப்படி போறாங்க.

மெத்தடோன் அந்த கியானை அடக்கி வைக்கற மருந்து, சரியான அளவுல குடிச்சா மப்பு ஏறாது, ஒரு நாள் முழுக்க தாங்கும், வேலைக்குப் போலாம். நம்ம மலேசியாவுல 2005ல இருந்து அரசாங்கத்துல குடுக்கறாங்க. அண்ணன் காலையில கிளினிக் கவுண்டர்ல போய் நிப்பார், சின்ன பிளாஸ்டிக் கப்புல சிரப், அவங்க கண்ணு முன்னாடியே குடிக்கணும், குடிச்சதும் தண்ணி குடிக்கச் சொல்லி "சாப்பிட்டீங்களா"ன்னு ஏதாவது பேச்சு குடுப்பாங்க, பாசத்துல இல்லைங்க, வாயிலயே வச்சிருந்து வெளிய துப்பி வித்துடக் கூடாதுன்னு. அங்கிருந்து நேரா செம்பனை ஆலைக்கு வேலைக்கு.

வேடிக்கை என்னன்னா பாஸ்டர் டேவிட் வில்கர்சன் வாலிபர்களை விசுவாசத்தால போதையில இருந்து மீட்கற டீன் சேலஞ்ச் ஊழியத்தை 1958ல ஆரம்பிச்சது நியூயார்க்ல, டோல், நைஸ்வாண்டர்னு ரெண்டு டாக்டருங்க மெத்தடோனை ஹெரோயின்காரங்களுக்கு குடுத்துப் பாத்ததும் அதே நியூயார்க்ல 1964ல. ஒரே ஊர்ல பொறந்த ரெண்டுக்கும் நம்ம ஆளுங்க சண்டை மூட்டி விடறாங்க. பாஸ்டர்கிட்ட வாதாடணும்னா 2 இராஜாக்கள் 20ஐ எடுத்துக் காட்டுங்க. எசேக்கியா ராஜா அழுது ஜெபம் பண்றார், கர்த்தர் கேட்டேன்னு சொல்லி 15 வருஷம் ஆயுசு கூட்டறார், அதுக்கப்புறமும் ஏசாயா அத்திப்பழ அடை கொண்டு வரச் சொல்லி பிளவை மேல பத்துப் போடறாங்க. ஜெபம் கேட்டாச்சே, அடை எதுக்குன்னு அங்க ஒருத்தரும் கேக்கல.

அப்ப சபை எதுக்குன்னா, சாயங்காலம் 6 மணியில இருந்து 10 மணி வரைக்கும். கிளினிக் அந்த நேரத்துல மூடியிருக்கும். அண்ணனை எங்க சபையில ஒரு அங்கிள் சவுண்ட் சிஸ்டம் பாக்கச் சொன்னார், ஒயர் சுத்தறது, மைக் பேட்டரி மாத்தறது, வீட்டுக்கூட்டத்துக்கு நாற்காலி ஏத்தறதுன்னு தினம் ஏதாவது ஒண்ணு, முடிஞ்சதும் ஒட்டுக்கடையில ரொட்டி சானாய் வாங்கிக் குடுத்து வீட்ல கொண்டாந்து விடுவார். பிரசங்கத்தை விட அந்த அங்கிள்தான் தாங்கினார்னு சொல்லுவேன், பாஸ்டர் படிச்சா கோச்சுக்குவார்.

ஆனா சீக்கிரமே மேடையில ஏத்தி சாட்சி சொல்ல விடாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். முன்னாடி அண்ணன் போன ஒரு சபையில, விட்டு ஒரு மாசம்கூட ஆகல, மைக்கை குடுத்துட்டாங்க, எல்லாரும் கை தட்டினாங்க, அம்மா அழுதாங்க. அப்புறம் ஒரு தடவை சறுக்கினப்ப எந்த மூஞ்சியோட உள்ள போறதுன்னு சர்ச் பக்கமே போகல, திரும்ப பழைய இடத்துக்குத்தான் போனார். சறுக்கினாலும் அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து உக்காரலாம்ங்கற மாதிரி சபை இருக்கணும்.

பாஸ்டர் கடைசி வரைக்கும் ஒத்துக்கலன்னா சண்டை வேணாம், தம்பி கிளினிக்கை நிறுத்தாம மட்டும் பாத்துக்குங்க. அளவைக் கூட்டறது குறைக்கறது எல்லாம் டாக்டர் சொல்லித்தான், சபை உபவாசம்னு திடீர்னு விட்டுடக் கூடாது. மெத்தடோன் எடுக்கறப்ப மதுவும் தூக்க மாத்திரையும் சேரவே கூடாது, மூச்சை அமுக்கிடும். நம்ம கல்யாண வீடுங்க தெரியும்ல, பின்னாடி கார் பார்க்ல மச்சான்மாருங்க "ஒரு பியர்தானடா, இதுல என்ன"ன்னு கூப்பிடுவாங்க. அவங்ககிட்ட முன்கூட்டியே நீங்களே சொல்லி வச்சிடுங்க, அவனை சொல்ல விடாதீங்க.