பங்குனி, சித்திரையில் பிள்ளைகளோடு வீட்டிலேயே செய்ய என்ன இருக்கிறது?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது: சென்னையில் தனி வீடு, மொட்டை மாடி உண்டு, வாசலில் வேப்பமரம், 6 வயதிலும் 10 வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே பாட்டி. மார்ச் பாதி தாண்டிவிட்டது, பரீட்சை முடிந்ததும் எல்லோருமாகச் சேர்ந்து செய்ய, பருவத்தோடு ஒட்டிய வேலை ஏதாவது வேண்டும் என்கிறீர்கள்.

வாசலிலும் மாடியிலும் எல்லாம் தயாராகவே இருக்கிறது. ஆனால் இந்தப் பருவம் ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் கையில் கொடுக்கும். மாவடு முதலில் போய்விடும், அடுத்தது வேப்பம்பூ, கடைசியில் வடாம் வெயில். விடுமுறை தொடங்கட்டும் என்று காத்திருந்தால் முதல் இரண்டும் கை நழுவிவிடும். அதனால் வரிசையைத் தெரிந்துகொள்வதுதான் பாதி வேலை.

மாவடு இப்போதே வாங்க வேண்டும். மாசிக் கடைசியிலும் பங்குனியிலும் வரும் பிஞ்சு, கொட்டை பிடிப்பதற்கு முன் இருக்க வேண்டும். ஒன்றைக் கத்தியால் நறுக்கிப் பாருங்கள். கத்தி தடங்கலில்லாமல் இறங்கினால் வாங்கலாம். கீழே விழுந்து அடிபட்டதை எடுக்காதீர்கள். ஒரு வடு கொழகொழத்தால் ஜாடி முழுக்கக் கெடும். ஒரு கிலோவுக்குக் கல் உப்பு 200 கிராம், விளக்கெண்ணெய் இரண்டு டீஸ்பூன், மஞ்சள்தூள் ஒரு டீஸ்பூன். காம்பைக் கால் அங்குலம் விட்டுக் கிள்ளி, கழுவி, துணியில் ஈரம் போக உலர்த்துங்கள். இதைப் பிள்ளைகள் செய்யலாம், ஆனால் காம்பில் வடியும் பால் உதட்டிலோ கண்ணிலோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், புண்ணாகிவிடும். எண்ணெயும் மஞ்சளும் புரட்டி, பீங்கான் ஜாடியில் ஒரு அடுக்கு வடு, ஒரு அடுக்கு உப்பு என்று போட்டு, தினம் இரண்டு வேளை குலுக்கிவிட வேண்டும். மூன்று நாளில் தண்ணீர் விட்டுக்கொள்ளும். அந்தத் தண்ணீரிலேயே காய்ந்த மிளகாய் 15, கடுகு இரண்டு மேசைக்கரண்டி அரைத்துச் சேர்த்துவிடுங்கள். வடு தோல் சுருங்கப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். மேலே வெள்ளையாகப் படிந்தால் உப்பு குறைவு, இல்லையென்றால் ஈரக் கரண்டி போயிருக்கிறது. குலுக்கும் வேலையையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், ஆனால் ஜாடி கனம் என்பதால் பெரியவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வேப்பமரத்தை இன்றிலிருந்தே பார்க்கச் சொல்லுங்கள். மாசியில் இலை கொட்டி மொட்டையாக நின்ற கிளையில் இப்போது செம்பு நிறத்தில் தளிர் விட்டிருக்கும். எட்டும் உயரத்தில் ஒரு கிளை நுனியில் சிவப்பு நூலைக் கட்டி, தினம் காலையில் அந்த ஒரு நுனியை மட்டும் பார்க்கட்டும். செம்பு மங்கி இளம்பச்சையாகி, பிறகு கரும்பச்சையாகும். இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்திலிருந்து பூங்கொத்து வரும். தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கத்திலேயே 10 வயதுப் பிள்ளை அன்று கண்டதை ஒரு வரி எழுதலாம், சின்னது படம் போடலாம். ஒரு மாதத் தாளைச் சேர்த்துத் தைத்தால் அந்த மரத்தின் ஒரு வசந்தம் முழுக்கக் கையில் இருக்கும். தெருவில் புங்கமரம் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் இதே நாட்களில் இலை உதிர்த்து, கண்ணைப் பறிக்கும் இளம்பச்சையில் திரும்பி வரும். பூ கொட்டினால் அடியில் பொரி வாரி இறைத்த மாதிரி இருக்கும்.

பூ சேகரிக்க: முதல் நாள் இருட்டுவதற்கு முன் மரத்தடியைப் பெருக்கி, பழைய வேட்டியை விரித்து நாலு மூலையிலும் கல் வையுங்கள். வெறும் தரையில் விழுந்ததை வாரினால் மண் பிரியவே பிரியாது, ரசத்தில் நறநறக்கும். காலை ஆறரை மணிக்குள் எடுத்துவிட வேண்டும். வெயில் ஏறினால் பூ வதங்கி ஒட்டிக்கொள்ளும், எறும்பும் வந்துவிடும். கிளையை உலுக்க வேண்டாம், மொட்டும் பிஞ்சும் சேர்ந்து விழும். தானாக உதிர்ந்ததே போதும். பெரிய சாலை ஓரத்து மரம் என்றால் விட்டுவிடுங்கள். புகையும் தூசியும் படிந்த பூவைக் கழுவியாக வேண்டும், கழுவினால் மணம் போய் கறுத்துவிடும்.

வாரியதை முறத்தில் கொட்டிப் பாட்டி புடைக்கட்டும். காய்ந்த இலை முன்னால் பறக்கும், காம்பும் குச்சியும் தங்கும். அவற்றைப் பொறுக்குவது 6 வயது விரல்களுக்கு அளந்து வைத்த வேலை. பொறுக்கும்போது ஒரு பூவை உள்ளங்கையில் வைத்துக் காட்டுங்கள். வெள்ளையாய் ஐந்து இதழ், நடுவில் சின்னக் குழாய், குழாய் வாயில் மஞ்சள் புள்ளிகள். இலையைக் கடித்தால் கசந்து தள்ளும் மரத்தின் பூவில் தேன் மணம்! பெரியவர்கள் பலரே இதை முகர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டு நாள் நிழலில் மெல்லியதாகப் பரப்பி, மூன்றாம் நாள் ஒரு வெயில் காட்டினால் போதும். குவியலாகக் காயவைத்தால் அடியில் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். காய்ந்த பூ பழுப்பாகி, கையில் அள்ளினால் சலசலக்கும். அளவில் மிகவும் சுருங்கிவிடும் என்பதால் நாலைந்து நாள் தொடர்ந்து சேகரியுங்கள். நன்றாக ஆறியபின் கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூடினால் அடுத்த பங்குனிவரை வரும்.

ஏப்ரல் 14 சித்திரை முதல் நாள் பச்சடிக்கு இதிலிருந்தே எடுங்கள். ஒரு கப் மாங்காய்த் துண்டைச் சிட்டிகை மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, முக்கால் கப் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றிக் கொதிக்கவிட்டு, கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்துக் கொட்டுங்கள். வேப்பம்பூ ஒரு டீஸ்பூன் போதும். நெய்யில் கரும்பழுப்பாகும்வரை வறுத்து, இலையில் பரிமாறும் நேரத்தில் மேலே தூவ வேண்டும். பூவைப் பச்சடியோடு சேர்த்துக் கொதிக்கவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கசப்பு முழுவதும் இறங்கி, பிள்ளைகள் அதற்கப்புறம் பச்சடிப் பக்கமே வர மாட்டார்கள்.

இனி வடாம். உங்கள் வீட்டில் கூழ் வத்தல் என்றும் சொல்லலாம். வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் ஆளுக்கொரு வேலை உள்ளது இது ஒன்றுதான், அதனால் இதை விடாதீர்கள். பங்குனிக் கடைசி வாரம் முதல் சித்திரை பாதிவரை நல்ல காலம். சென்னையில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் தொடர்ந்து மூன்று நாள் தெளிந்த வானம் இருக்குமா என்று பார்த்துத் தொடங்குங்கள். மூன்றிலும் முதல் நாள் வெயில்தான் முக்கியம். அன்று வெயில் தவறினால் புளித்துவிடும்.

முதல் தடவை கொஞ்சமாகச் செய்யுங்கள். மெஷினில் நைசாக அரைத்த பச்சரிசி மாவு 4 டம்ளர், ஜவ்வரிசி அரை டம்ளர், தண்ணீர் 12 டம்ளர், பச்சை மிளகாய் 16, கல் உப்பு ஒன்றரை மேசைக்கரண்டி, பெருங்காயத்தூள் அரை டீஸ்பூன், எலுமிச்சம்பழம் 2. சின்னவருக்குக் காரம் ஆகாது என்றால் மிளகாயைப் பத்தாகக் குறையுங்கள். ஜவ்வரிசியை முந்தின இரவே ஊறவையுங்கள். அது மரவள்ளிக் கிழங்கின் மாவில் செய்வது, சேலம் பக்கத்திலிருந்து வருகிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம், கடையில் பார்க்கிற உருண்டை எங்கே விளைகிறது என்று நிறையப் பேருக்குக் குழப்பம் உண்டு. மிளகாயையும் உப்பையும் விழுதாக அரைத்து வடிகட்டிவிடுங்கள். ஒரு விதை போனாலும் அச்சின் ஓட்டை அடைக்கும்.

காலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும். அடி கனமான பாத்திரத்தில் 8 டம்ளர் தண்ணீர் கொதித்ததும் ஜவ்வரிசியைப் போட்டு, நடுவிலுள்ள வெள்ளைப் புள்ளி மறைந்து கண்ணாடியாகும்வரை வேகவிடுங்கள். விழுதையும் பெருங்காயத்தையும் சேருங்கள். மீதி 4 டம்ளர் தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, ஒருவர் மெல்லிய தாரையாக ஊற்ற, ஒருவர் கை விடாமல் கிளற வேண்டும். பிறகு தணலைக் குறைத்து 15 நிமிடம். கூழ் தெறித்தால் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும், வெந்நீரைவிட மோசம். எனவே அடுப்புப் பக்கம் பிள்ளைகள் வரக்கூடாது.

வெந்துவிட்டதா என்பதைத் தெரிந்துகொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது. மாவின் வெள்ளை போய்ப் பளபளப்பு வரும், கரண்டியைத் தூக்கினால் கெட்டியாக மடிந்து விழும். கரண்டியில் எடுத்ததைச் சற்று ஆறவிட்டு, நனைத்த விரலால் தொட்டால் ஒட்டாது. இதற்கு முன்னால் இறக்கினால் காயும்போதே விண்டு தூளாகும், எண்ணெயில் போட்டாலும் பொரியாமல் கல்லாகக் கிடக்கும். பெரும்பாலும் வெயிலின் மேல் பழியைப் போடுவார்கள், தவறு கூழில் இருக்கும். உப்பையும் இப்போதே பாருங்கள். வாய்க்குச் சற்றுக் குறைவாகத் தெரிய வேண்டும். தண்ணீர் வற்றினால் உப்பு ஏறும். எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்தபின் சேருங்கள், வடாம் வெளுப்பாக வரும்.

ஏழு மணிக்கு மாடிக்குப் போய்விடலாம். கெட்டி பிளாஸ்டிக் ஷீட் விரித்தால் மாலையில் தானே கழன்று வரும். வேட்டியில் பிழிந்தால் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிக்க வேண்டும், நேரம் பிடிக்கும். ஆனால் பாட்டிக்கு வேட்டிதான் பழக்கம் என்றால் அவர் சொல்கிறபடியே போங்கள், துணி ஈரத்தை இழுப்பதால் அடிப்பக்கமும் சீக்கிரம் காயும். கூழ் வெதுவெதுப்பாக இருக்கும்போதே பிழிய வேண்டும். ஆறிவிட்டால் அச்சு இறங்காது, தோள் வலிதான் மிச்சம். 10 வயதுப் பிள்ளை தேன்குழல் அச்சில் சின்னச் சின்ன வட்டமாகப் பிழியட்டும். 6 வயதுக்குக் கரண்டியும் கொஞ்சம் கூழும் கொடுத்து, ஷீட்டின் ஒரு மூலையை ஒதுக்கிவிடுங்கள். என்ன வடிவம் வேண்டுமானாலும் ஊற்றலாம், மெல்லியதாக மட்டும் இருக்கட்டும். விரற்கடை தடிமனில் ஊற்றியது நாலு நாளானாலும் காயாது.

எட்டரைக்குள் இறங்கிவிடுங்கள், பகல் வெயில் பிள்ளைகளுக்கு ஆகாது. காக்காய்க்கு ஷீட்டின் பக்கத்தில் கறுப்புக் குடையை விரித்துச் சாய்த்து வைப்பது பழைய வழக்கம், ஓரளவுக்குப் பலிக்கும். நிழலான படிக்கட்டு வாசலில் உட்கார்ந்து முறை வைத்து விரட்டுவது நிச்சயமாகப் பலிக்கும். மாலையில் காற்றில் ஈரம் ஏறும், ஐந்து மணிக்குள் உள்ளே எடுங்கள். அப்போது மேலே காய்ந்து உள்ளே மெத்தென்றிருக்கும் வடாமை ஆளுக்கு இரண்டு தின்னக் கொடுங்கள். அந்த ருசி அன்று ஒரு மாலைதான் கிடைக்கும். இரண்டாம் நாள் திருப்பிப் போட்டு, மூன்றாம் நாளும் காயவிடுங்கள். பாதியில் மேகம் கட்டினால் அறைக்குள் மின்விசிறியின் கீழ் பரப்பி, வெயில் வந்ததும் மாடிக்கு ஏற்றுங்கள்.

ஒடித்தால் படக்கென்று முறிய வேண்டும். காய்ந்த எண்ணெயில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், உடனே மேலெழுந்து இரண்டு மடங்காகப் பொரியும். நடுவில் கடுக்கென்றிருந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். நன்றாகப் பொரிந்தும் சீக்கிரமே சிவந்தால் எண்ணெய் அதிகம் காய்ந்திருக்கிறது.

மாடி வெயில் மிச்சமிருக்கும்போதே அரைக் கிலோ மோர் மிளகாயும் போட்டுவிடலாம். நுனியைக் கீறி, உப்பிட்ட கெட்டிப் புளித்த மோரில் இரண்டு நாள் ஊறவைத்து, பிறகு பகலில் காயவைத்து, இரவில் அதே மோரில் திரும்பப் போட்டு, மோர் முழுதும் வற்றியபின் வெளுத்து மொறுமொறுக்கும்வரை காயவிட வேண்டும். கீறும் வேலை பெரியவர்களுக்கு. பிள்ளைகள் மிளகாய்க் கையைக் கண்ணில் வைத்துவிடுவார்கள்.

வடாமைச் சூடு முழுக்க ஆறியபின் ஈரமில்லாத தகர டப்பாவில் போட்டு, மூடியில் தேதியையும் யார் யார் பிழிந்தது என்பதையும் பிள்ளைகள் கையாலேயே எழுதி ஒட்டுங்கள். 6 வயதுக்காரரின் மூலையில் காய்ந்ததைத் தனி டப்பாவில் வையுங்கள். ஆவணியில் இரண்டையும் ஒரு பகல் வெயிலில் காட்டிவிட்டால் ஐப்பசி மழைக்குப் பொரிக்க மொறுமொறுப்பாகவே இருக்கும்.